ராக்கம்மாளுக்கு இறங்கிய முதல் வாய்

எண்பத்தொன்றாம் வருஷம் பங்குனி மாதத்தில் ராக்கம்மாள் ஆசிட் குடித்தாள். வேண்டுமென்றே குடித்தாள் என்றுதான் கோச்சடையில் அந்தத் தெரு முழுக்கப் பேசிக்கொண்டார்கள். அப்படி இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி ராக்கம்மாள். இன்னொருத்தி அவளுடைய அண்ணன் பொண்டாட்டி தங்கப்பொண்ணு.

தங்கப்பொண்ணுக்குப் பிறந்த ஊர் திருவாதவூர். பத்தாவது வரை படித்திருந்தாள். கண்ணுச்சாமிக்கு வாக்கப்பட்டுக் கோச்சடைக்கு வந்த மறு வருஷமே, மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேலை கிடைத்தது. ஹோம் சயின்ஸ் பிள்ளைகள் சமைத்துப் பழகும் கூடத்தில் பாத்திரம் கழுவ வேண்டும், அடுப்பு துடைக்க வேண்டும், டீச்சர் கேட்கும் சாமானை எடுத்து நீட்ட வேண்டும். மூன்று வருஷமாகத் தற்காலிகம். ஜூனில் நிரந்தரமாக்கிவிடலாம் என்று துறைத்தலைவி சொல்லியிருந்தார்.

நாத்தனாருக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அவள்தான். திருவாதவூரில் அவளுடைய சித்தப்பா மகன் மருது. சொந்தமாக டிராக்டர் ஓட்டுகிறவன், குடி கிடையாது. அவனுக்கும் ராக்கம்மாளைப் பிடித்திருந்தது. நிச்சயம் பண்ண அவர்கள் வீட்டார் வருவதாக இருந்த வாரத்தில், குளிக்கிற இடத்தில் உப்புத்தண்ணி ஏறிக் காவியடித்துக் கிடந்த தரை தங்கப்பொண்ணின் கண்ணை உறுத்தியது. கல்லூரியில் கழுவுதொட்டிக்கு ஊற்றும் ஆசிட்டில் கொஞ்சத்தை ஒரு காலி கலர் சோடா பாட்டிலில் ஊற்றி, காகிதத்தைச் சுருட்டி அடைத்து, பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அலுப்பாக இருந்தது. காலையில் தேய்த்துக்கொள்ளலாம் என்று அடுப்படியில் தண்ணிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள். காலையில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மறந்துபோனாள்.

மண்ணெண்ணெய் வரிசையில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு உச்சி வெயிலில் வந்த ராக்கம்மாள், பானைக்குப் பக்கத்தில் லேசான மஞ்சள் நிறத்தில் பாட்டிலைப் பார்த்தாள். வருகிற விருந்தாளிகளுக்கு மதினி வாங்கி வைத்த கலர் என்று நினைத்தாள். ஒரே மடக்கு. பாட்டில் கீழே விழுந்து நொறுங்கியது.

பெரியாஸ்பத்திரி வராந்தாவில் ஏட்டு ஒருத்தர் நோட்டோடு வந்து நின்றார். தங்கப்பொண்ணின் மாமியார் ஒச்சாயி தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு, "பாவி மக என்னத்த மனசுல வச்சுக்கிட்டுக் குடிச்சாளோ" என்று அழுதுகொண்டிருந்தாள். ஏட்டு தங்கப்பொண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, வீட்டுல ஆசிட் கீசிட் வாங்கி வச்சிருந்தீங்களா?"

"இல்லைங்க."

அந்த ஒரு வார்த்தை எப்படி வாயிலிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. வந்த பிறகு திரும்ப எடுக்க முடியவில்லை. கல்லூரிக்குத் தெரிந்தால் வேலை போகும், புருஷனுக்குத் தெரிந்தால் வீடு போகும். நாளைக்குச் சொல்லுவோம் என்று தள்ளினாள். மறுநாள் சொல்லுவது முந்தின நாளைவிடக் கஷ்டமாக இருந்தது. இப்படியே ஒரு மாதம் போனது.

ராக்கம்மாளுக்குக் குரல் வர மூன்று வாரம் ஆயிற்று. வந்ததும் அவள் சொன்னது, "கலருன்னு நெனச்சேன்." யாரும் நம்பவில்லை. வீட்டில் யாருமே வாங்காத ஆசிட் எப்படி வந்தது? கல்யாணம் பிடிக்காமல் தெருவில் போன வண்டிக்காரனிடம் அவளே வாங்கியிருப்பாள், மனசில் வேறு எவனாவது இருப்பான் என்றார்கள். திருவாதவூருக்கும் இந்தப் பேச்சு போனது. சம்பந்தம் வேண்டாம் என்று மருதுவின் அம்மா முத்துத்தாய் ஆள் சொல்லி அனுப்பினாள்.

அதைக் கேட்ட அன்றிலிருந்து ராக்கம்மாள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

உணவுக்குழாய் வெந்து சுருங்கிவிட்டது என்றார் டாக்டர். திங்கள்கிழமைதோறும் கூட்டிவரச் சொன்னார். ரப்பர் குழாயை உள்ளே விட்டு விரிப்பார்கள். அன்றைக்கு அவளைப் பிடித்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும். "கெட்டியா எதுவும் கூடாது. சூடு, காரம், புளிப்பு ஆகாது. வழவழன்னு எறங்கற மாதிரி, ஆனா சத்தா குடுக்கணும். முட்டை குடுங்க," என்று சொல்லியனுப்பினார்.

சொல்வது சுலபம். கஞ்சி தொண்டையிலேயே நின்றது. பாலில் முட்டையை அடித்துக் கொடுத்தால் கவிச்சி தாங்காமல் ஓங்கரித்தாள். ஓங்கரித்தால் புண் கிழிந்து ரத்தம் வந்தது. அதற்குப் பயந்தே வாயைத் திறக்க மாட்டேன் என்றாள். பத்தொன்பது வயசுப் பெண் பன்னிரண்டு வயசுப் பிள்ளை மாதிரி ஆகிப்போனாள். வளையல் முழங்கைவரை ஏறியது.

கண்ணுச்சாமி ஒருநாள் மில்லிலிருந்து வந்து தங்கச்சியின் பக்கத்தில் உட்கார்ந்தான். "கட்டிக்க இஷ்டமில்லைன்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா தாயி?" என்று கேட்டான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. ராக்கம்மாள் அண்ணனைப் பார்க்கவில்லை. அடுப்படி நிலையில் நின்ற மதினியைப் பார்த்தாள். தங்கப்பொண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவளுக்கு ஒரு பண்டத்தின் ஞாபகம் வந்தது அதற்கு மறுநாள். கார்த்திகை மாதத்தில் கல்லூரியில் டீச்சர் ஒரு வெளிநாட்டு இனிப்பைச் செய்து காட்டியிருந்தார். சாக்லேட் மூஸ் என்று பெயர். பிள்ளைகள் போன பிறகு கிண்ணத்தைக் கழுவப் போனவள், ஓரத்தில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். வைத்தது தெரிந்தது, போனது தெரியவில்லை. நுரையைத் தின்ற மாதிரி இருந்தது. அதில் பச்சை முட்டை இருந்தும் முட்டை வாடையே இல்லை. கொக்கோ அதை அமுக்கிவிடும் என்று டீச்சர் சொன்னதும் காதில் இருந்தது.

மேலமாசி வீதியில் பெரிய மளிகைக்கடை ஒன்றில் கொக்கோ டப்பா கிடைத்தது. முட்டை அடிக்கிற கருவி கல்லூரி அலமாரியில் இருந்தது. கோடை விடுமுறைதான், கேட்டால் காவல்காரர் திறந்துவிடுவார். அவளுக்கு அந்தக் கதவு வரை போகக்கூடக் கால் வரவில்லை. அங்கிருந்து இனி ஒரு துரும்பும் வீட்டுக்கு வரக்கூடாது. தென்னை ஈர்க்குகளைச் சீவி, வெந்நீரில் போட்டு எடுத்து, அடியில் இறுக்கிக் கட்டி ஒரு மத்து மாதிரி செய்துகொண்டாள்.

தெருவில் ஃபிரிட்ஜ் இருந்தது ஒரே வீட்டில், பேங்க் உத்தியோகஸ்தர் வீடு. அந்த அம்மா நல்லவர்தான். ஆனால் முட்டை என்றதும், "தப்பா நெனச்சுக்காதம்மா, எங்க வீட்டுல அது ஆகாது" என்றார். முட்டை இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் வைத்துக்கொண்டிருப்பார். அந்தப் பொய் நாக்கு நுனி வரை வந்தது. தங்கப்பொண்ணு அதை விழுங்கிவிட்டுத் திரும்பினாள். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சோடாக் கடை வைத்திருந்த சின்னச்சாமியிடம் போய் ஐஸ் கேட்டாள். மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றி ஒரு பாளம் கொடுத்தார். இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து வந்தாள். சேலை நனைந்து காலில் ஒட்டியது.

முதல் தடவை நுரை எழும்பவே இல்லை. பாத்திரத்தில் ஈரம் இருந்திருக்கிறது. கை ஓயும்வரை அடித்தும் வெள்ளைக்கரு தண்ணியாகவே கிடந்தது. ஒச்சாயி எட்டிப் பார்த்தாள்.

"என்னத்தடி போட்டு இந்த அடி அடிக்கிறே?"

"ராக்குக்குத்தான் அத்தை. எறங்குற மாதிரி ஒண்ணு."

"தண்ணியே எறங்கல. நீ என்னத்தச் செஞ்சு எறக்கப் போறே."

இரண்டாவது தடவை பாத்திரத்தைத் துணியால் துடைத்து வெயிலில் காயவைத்துவிட்டு அடித்தாள். நுரை எழும்பியது. கொக்கோவையும் சர்க்கரையையும் பாலில் கட்டியில்லாமல் காய்ச்சி, மஞ்சள்கருவை விட்டுக் கிண்டி ஆறவைத்திருந்தாள். அதோடு நுரையைக் கலந்தாள். டீச்சர் பழம் சேர்த்தது ஞாபகம் இருந்தது. மாம்பழக் காலம். நன்றாகப் பழுத்த பழமாகப் பார்த்துப் பிழிந்து, நார் இல்லாமல் துணியில் வடிகட்டி ஊற்றினாள். தூக்குச்சட்டியை அண்டாவுக்குள் இறக்கி, சுற்றிலும் ஐஸை உடைத்துப் போட்டு, மேலே கல்லுப்பைத் தூவி, சாக்கால் மூடினாள். நாலு மணிக்குத் திறந்தபோது ஓரங்களில் இறுகி, நடுவில் லேசாகத் ததும்பிக்கொண்டிருந்தது.

ராக்கம்மாள் நிறத்தைப் பார்த்தாள், மணத்தைப் பார்த்தாள். என்ன தோன்றியதோ, வாயைத் திறந்தாள். தங்கப்பொண்ணு கரண்டி முனையில் கொஞ்சம் வைத்தாள். அது இறங்கத்தான் செய்தது. இறங்கிய பிறகு ராக்கம்மாளின் கண் விரிந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். தேன் மாதிரி இனித்த அந்தப் பழத்திலும் புளிப்பு ஒளிந்திருந்தது. புண்ணுக்கு அது போதும்.

அவள் வலி அடங்கி நிமிர்ந்தபோது கிண்ணம் தட்டிவிடப்பட்டுச் சுவரோரம் கிடந்தது. "இன்னும் எரிக்கணுமா மதினி?" என்றாள். குரல் கரகரத்து, காற்றாக வந்தது. "மிச்சம் ஏதாச்சும் இருக்கா எரிக்க?"

ஒச்சாயிக்கு அது புத்தி கலங்கிய பேச்சாகத் தெரிந்தது. மகளின் முதுகைத் தடவிக்கொண்டு அழுதாள். தங்கப்பொண்ணு தரையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நான்கு நாள் அவள் அண்டாப் பக்கம் போகவில்லை. திங்கள்கிழமை ஆஸ்பத்திரியில் டாக்டர் எடை பார்த்துவிட்டு, "இப்படியே போனா வயித்துல ஓட்டை போட்டுத்தான் சோறு ஊத்தணும்" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது ராக்கம்மாளின் தலை அவள் தோளில் கிடந்தது. தூக்கத்தில் சாய்ந்த தலைதான். பஞ்சு மாதிரி இருந்தது.

சப்போட்டாவில் புளிப்பு கிடையாது. பெரியகுளத்திலிருந்து வந்த பழம் என்று கூடைக்காரி சொன்னாள். தோலையும் கொட்டையையும் நீக்கி மசித்து, நெருநெருப்பு போக இரண்டு தரம் மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டினாள். முதலில் தானே ஒரு வாய் தின்று, கண்ணை மூடிக்கொண்டு, தொண்டையில் எங்காவது உறுத்துகிறதா என்று பார்த்தாள். சர்க்கரையைக் குறைத்தாள். ஐஸ் கூடுதலாக வாங்கினாள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஒச்சாயி வைகைக் கரைக்குத் துணி துவைக்கப் போயிருந்தாள். கண்ணுச்சாமிக்குப் பகல் ஷிப்ட். தங்கப்பொண்ணு கிண்ணத்தை ராக்கம்மாள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். ஊட்டப் போகவில்லை.

ரொம்ப நேரம் கழித்து ராக்கம்மாள் கரண்டியை எடுத்தாள். நாக்கில் வைத்தாள். காத்திருந்தாள். எரியவில்லை. இரண்டாவது வாய். அப்புறம் நிறுத்தாமல், அவசரப்படாமல், கிண்ணம் காலியாகும்வரை தின்றாள். இரண்டு மாதத்தில் அவள் வாய் வழியாக, வலியில்லாமல், தானே எடுத்து உண்ட முதல் சாப்பாடு அது.

ராக்கம்மாள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"அந்தப் பாட்டில நீதேன கொண்டாந்த?"

"ஆமா."

"எனக்குத் தெரியும். முழிச்ச அன்னைக்கே தெரியும். நம்ம வீட்டுல வேற யாரு கொண்டாருவா? நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். அம்மா அழுகும்போது சொல்லுவேன்னு பார்த்தேன். மருது வீட்டுல வேணாம்னு சொல்லிவிட்டப்பச் சொல்லுவேன்னு பார்த்தேன்."

"பயமா இருந்துச்சு ராக்கு. வேலை போயிரும்னு..."

"உனக்கு வேலை போயிரும். எனக்கு?"

தங்கப்பொண்ணு அவள் காலைப் பிடிக்கப் போனாள். ராக்கம்மாள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். "அதெல்லாம் வேணாம். போயிச் சொல்லு. எல்லார்ட்டயும் சொல்லு. நான் எத்தன தடவ சொன்னாலும் ஒருத்தரும் நம்பல. நீ ஒரு தடவ சொன்னா நம்புவாக."

அதற்கு மேல் அவளுக்குக் குரல் எழும்பவில்லை.

தங்கப்பொண்ணு ஒச்சாயி வரும்வரை இருந்தாள். வந்ததும், "அத்தை, ஊர் வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். புருஷனிடம் முதலில் சொல்லத் தைரியம் இல்லை. திருவாதவூரில் சொல்லிவிட்டால் அப்புறம் பின்வாங்க முடியாது என்று தோன்றியது.

முத்துத்தாய் முற்றத்தில் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். மருது டிராக்டருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவன், அக்காவைப் பார்த்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். தங்கப்பொண்ணு உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கலர் பாட்டிலில் ஊற்றியது, பானைக்குப் பக்கத்தில் வைத்தது, ஏட்டிடம் இல்லை என்றது.

முத்துத்தாயின் கையில் கடலை அப்படியே நின்றது. "ரெண்டு மாசமா வாயில மண்ணயா வச்சிருந்த?" என்றாள். "ஒரு கொமரிய ஊரே ஏசும்போது பார்த்துக்கிட்டுத்தேன இருந்த? அந்தப் பிள்ளய எம்புட்டுப் பேசியிருக்கேன் தெரியுமா நான்?"

"தப்புத்தேன் சின்னம்மா. ராக்கு மேல ஒரு குத்தமும் இல்ல. நீங்க மறுபடி யோசிக்கணும்."

முத்துத்தாய் கையிலிருந்த கடலையைக் கீழே போட்டாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். "குத்தமில்லைன்னு நாளைக்கே நாலு பேர்ட்டச் சொல்லுறேன். ஆனா ஒரு வாய்ச் சோறு திங்க முடியாத பிள்ளயக் கட்டிவந்து நான் என்ன செய்யட்டும்? என்னையப் பொல்லாதவன்னு நெனச்சாலும் சரி."

மருது அம்மாவை எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. பஸ் நிற்கிற இடம் வரைக்கும் அக்காவோடு நடந்து வந்தான். பஸ் வருகிற சத்தம் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தான். "அந்தப் பிள்ள ரொம்ப வலிக்குதுங்குதா அக்கா?" அவள் ஆமாம் என்றாள். அவன் தலையை ஆட்டினான். அவ்வளவுதான். அந்த ஆவணியில் அவனுக்கு மேலூரில் பெண் எடுத்தார்கள்.

அன்றைக்கு இருட்டிய பிறகு கண்ணுச்சாமி வேலை முடிந்து வந்து சைக்கிளை நிறுத்தும்போதே அவனிடமும் சொல்லிவிட்டாள். அடிப்பான் என்று நினைத்தாள். அடித்திருந்தால் தேவலை என்று பிற்பாடு பலநாள் நினைத்தாள். அவன் சைக்கிள் சீட்டைப் பிடித்தபடி நின்றான். "நான் அவகிட்டப் போயி, கட்டிக்க இஷ்டமில்லையான்னு கேட்டேனேடி," என்றான். "நீ அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டுத்தேன இருந்த?" அதன்பிறகு உள்ளே போய்த் தங்கச்சியின் கட்டில் காலடியில் உட்கார்ந்துகொண்டான். அவன் அழுவதைத் தங்கப்பொண்ணு அன்றுதான் முதல் முறையாகக் கேட்டாள். அடுத்த நாளிலிருந்து மில் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டான்.

உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்ட ஒச்சாயி செய்ததுதான் யாரும் எதிர்பார்க்காதது. மறுநாள் விடிந்ததும் முகத்தைக் கழுவி, சேலையை மாற்றிக்கொண்டு, தெருவின் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரைக்கும் ஒவ்வொரு வாசலிலும் போய் நின்றாள். "எம்மக வேணும்னு குடிக்கல. எம்மருமக வச்ச ஆசிட்ட கலருன்னு குடிச்சா. கேட்டுக்கங்க," என்று சத்தமாகச் சொன்னாள். பதிலுக்குக் காத்திராமல் அடுத்த வாசலுக்குப் போனாள். தங்கப்பொண்ணு குழாயடியில் குடத்தோடு நின்று அவ்வளவையும் கேட்டாள். வரிசையில் முன்னால் நின்றவர்கள் ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டார்கள். மரியாதைக்கு விட்ட வழி இல்லை அது.

ஜூனில் கல்லூரி திறந்ததும் துறைத்தலைவியிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இதை ஏம்மா என்கிட்ட வந்து சொன்னே? சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே," என்றார். தெரிந்த பிறகு அவரால் வேலையைக் கொடுக்கவும் முடியவில்லை. ஸ்டேஷனில் ஏட்டு பழைய பக்கத்தைத் தேடி எடுத்து ஏதோ எழுதிக்கொண்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்.

வேலை போன பிறகு அவளுக்கு நேரம் நிறைய இருந்தது. வாரத்தில் நான்கு நாள் ஐஸ் வாங்கி வந்தாள். சப்போட்டா இல்லாத நாளில் பப்பாளி, அதுவும் கிடைக்காத நாளில் கனிந்த ரஸ்தாளி. ராக்கம்மாள் ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தைக் காலி செய்தாள். பேச்சு மட்டும் இல்லை. ஆடி மாதம் டாக்டர் எடை பார்த்து, மூன்று கிலோ கூடியிருக்கிறது, வயிற்றில் ஓட்டை போட வேண்டியதில்லை என்றார். ஒச்சாயி ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று கும்பிட்டாள். வீட்டுக்கு வந்ததும் மருமகளிடம், "நீயும் ரெண்டு வாய் தின்னு" என்றாள். அதைவிடக் கூடுதலாக எதுவும் சொல்லவில்லை.

புரட்டாசியில் ஒரு மத்தியானம் தங்கப்பொண்ணு வெள்ளைக்கருவை அடித்துக்கொண்டிருந்தாள். ராக்கம்மாள் சுவரைப் பிடித்தபடி நடந்து வந்து எதிரில் உட்கார்ந்தாள். சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கைய எடு. நான் அடிக்கிறேன்."

தங்கப்பொண்ணு கையை எடுத்தாள். ஈர்க்கு சட்டியில் உரசத் தொடங்கியது.

"எனக்கு இன்னும் ஆறல மதினி," என்றாள் ராக்கம்மாள், தலையை நிமிர்த்தாமல். "ஆறுமான்னும் தெரியல."

"ம்."

"வர்ற திங்கக்கிழம கொழா விடும்போது நீ மட்டும் பிடிச்சுக்க. அண்ணன் பிடிச்சா அழுகுது. எனக்குப் பயமா இருக்கு."

"சரி. நான் பிடிச்சுக்கிறேன்."

ராக்கம்மாளுக்குக் கை வலித்தது. ஆனாலும் சட்டியைக் கொடுக்கவில்லை. வலது கையை உதறிவிட்டு, இடது கைக்கு மாற்றிக்கொண்டு அடித்தாள்.